குயவர் குடியிருப்புகளையும் அகழ்ந்தறிய வேண்டும்

பெறுநர்: தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர்



பல்லவர் காலச் செப்பேடுகளில் குயவர்கள் வரி செலுத்துவோராக இடம்பெறுகின்றனர். அவர்கள்மீது விதிக்கப்பட்ட வரி குசக்காணம். எந்த மண்ணைக் குழைத்தனர், எப்படிச் சுட்டனர், எந்த ஊர்வரை விற்றனர் என்பவற்றை அச்செப்பேடுகள் சொல்வதில்லை. இடைக்கால ஊர்களின் சமையலும் தானியச் சேமிப்பும் இவர்களின் கைவேலையை நம்பியே நடந்தன. அந்தத் தொழிலின் வரலாற்றை மண்ணிலிருந்துதான் மீட்க முடியும்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. சோழர் அரண்மனையை அறிய இவை பெருந்துணை. ஆனால் அரண்மனையில் கிடைக்கும் ஓடு, அது பயன்பட்ட இடத்தையே காட்டும். அதைச் செய்தவரின் வாழ்வை அறியத் தொழில் நடந்த இடத்தையே தோண்ட வேண்டும்.

மண்பாண்டத் தொழில் நடந்த இடத்துக்கெனத் தனி அடையாளங்கள் உண்டு: களிமண் எடுத்த பள்ளம், மண்ணை ஊறவைத்த குழி, வனைந்த தளம், சுட்ட இடம், கழிவுக் குவியல். இவற்றுள் தலையாயது கழிவுக் குவியல். சூட்டில் கோணியும் வெடித்தும் போன பானைகளை யாரும் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. எனவே அவை செய்யப்பட்ட இடத்துக்கு அருகிலேயே தங்கிவிடுகின்றன. உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டிய தடம் பானை ஓட்டின் உட்புறத்தில் பதிந்திருந்தால், வனைந்த முறையும் தெரிந்துவிடும்.

தமிழகக் குயவர் மரபில் விறகும் வறட்டியும் அடுக்கி, மேலே பானைகளை வைத்து, வைக்கோலால் மூடி மண் பூசிச் சுடுவது வழக்கம். கட்டிய சுவரில்லாத இத்தகைய சூளை விட்டுச்செல்வது சிவந்த மண்ணும் சாம்பல் படலமும் மட்டுமே. ஓர் ஆழமான உழவே அதை அழித்துவிடும். நெருப்பில் வெந்த மண்ணின் காந்தத்தன்மை சுற்றியுள்ள மண்ணிலிருந்து மாறுபடுவதால், தோண்டுவதற்கு முன்பே காந்தமானி கொண்டு இத்தகைய இடங்களைக் கண்டறியலாம்.

இத்தகைய ஆய்வின் பயனுக்கு இங்கிலாந்தின் நனீட்டன் நகரை ஒட்டிய சில்வர்ஸ் கோட்டன் சான்று. அங்கு 1967 முதல் 1971 வரை நடந்த அகழாய்வில் 40-க்கும் மேற்பட்ட சூளைகள் வெளிப்பட்டன. 13ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல தலைமுறைகளாகக் கலங்களின் வடிவமும் மெருகும் மாறிய வரிசையை அவை காட்டின. முழு அறிக்கை 1984இல் நூலாக வெளிவந்ததால், பிற ஊர்களில் கிடைக்கும் ஓடுகளை அதனுடன் ஒப்பிட முடிகிறது.

தமிழகத்திலும் இதே பயன் விளையும். சூளைக்கரியைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கும், ஓடுகளை வெப்ப ஒளிர்வுக் கணிப்புக்கும் உட்படுத்தினால் காலம் தெளிவாகும். காலம் தெரிந்த ஓடு, கல்வெட்டே இல்லாத ஊருக்கும் காலத்தைச் சொல்லும். ஓட்டிலுள்ள கனிமத் துகள்களை ஆராய்ந்தால் கலம் எங்கிருந்து எங்கே சென்றது என்பது புலப்படும்.

இதற்குத் துறையிடமிருந்து வேண்டுவன நான்கு. ஏரிகளில் வண்டல் எடுப்பதற்கும் களிமண் நிலங்களை மனைகளாக்குவதற்கும் முன்பு கள ஆய்வு நடைபெற வேண்டும். குயவர் பெயரைத் தாங்கிய தெருக்களும் நிலங்களும், தொழிலைத் தொடரும் வேளார் குடும்பங்களின் அறிவும் பதிவாக வேண்டும். கழிவுக் குவியலில் அழகிய துண்டுகளை மட்டும் பொறுக்காமல், அடுக்கு வாரியாக எல்லா ஓடுகளும் எண்ணி எடையிடப்பட வேண்டும். ஆய்வறிக்கை காலதாமதமின்றித் தமிழில் வெளிவர வேண்டும்.

இங்ஙனம்,
மண்பாண்ட வரலாற்றில் அக்கறை கொண்டோர்