கடிதம் வராமல் காசு கொடுக்காதீர்

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் கடன் வசூல் ஏஜென்ட்டுகளின் குரலில் திடீரென்று கனிவு பிறக்கும். அதுவரை ‘ஆபீசுக்கே வந்து மானத்தை வாங்கிடுவேன்’ என்றவர், ‘சார், எண்பதாயிரத்துக்கு முப்பத்தஞ்சு கட்டிடுங்க. இன்னையோட செட்டில் பண்ணிடலாம், நாளைக்குன்னா இந்த ஆஃபர் இருக்காது’ என்பார். கிரெடிட் கார்டு பாக்கியோ, ஆப் கடனோ, பைக் டியூவோ, போன் அடித்தாலே நடுங்கிப் பழகியவருக்கு அது தெய்வவாக்காகக் கேட்கும். மைத்துனரிடம் கைமாற்று வாங்கி, மனைவியின் வளையலை அடகு வைத்து, ஏஜென்ட் சொன்ன எண்ணுக்கு அன்றைக்கே ஜிபே செய்துவிடுகிறார். கடன் ஒழிந்தது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்கிறார். பெரும்பாலும் அது ஒழிந்திருப்பதில்லை.

பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்தால், கடன் தகவல் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘க்ளோஸ்டு’ என்று ஏறாது. ‘செட்டில்டு’ என்றுதான் ஏறும். முழுப் பணம் திரும்ப வரவில்லை என்று அடுத்து கடன் கேட்கப் போகும் இடத்துக்கெல்லாம் அது சொல்லிக்கொண்டே இருக்கும். சிபில் உள்பட இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் அவை வைத்திருக்கின்றன. சமரசம் செய்துகொண்டவருக்கு (விவசாயக் கடன் நீங்கலாக) அதே நிறுவனம் குறைந்தது 12 மாதங்களுக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்பது 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. பாதிப்பு புதுக் கடனோடு நிற்பதில்லை. கடனைத் திருப்பிச் செலுத்திய வரலாறு சரியில்லை என்று ஓர் இளைஞரின் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் அது சரியே என்றது. மூன்று வருடத்துக்கு முந்தைய கார்டு பாக்கி வேலைக்கே உலை வைக்கும் காலம் இது. இதையெல்லாம் 35 ஆயிரத்துக்குப் பேரம் பேசும்போது ஏஜென்ட் சொல்வதில்லை. அவருக்கு மாத டார்கெட் முடிந்தால் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பணம் கட்டியதற்கே சாட்சி இல்லாமல் போவது. வசூல் ஏஜென்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். வாராக் கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிடுவதும் உண்டு. ஆறு மாதம் கழித்துப் புதிய குரல் ஒன்று அழைத்து, ‘உங்க பேர்ல இன்னும் பாக்கி காட்டுதே’ என்னும். பழைய ஏஜென்ட்டின் எண் அணைந்திருக்கும். கையில் இருப்பதெல்லாம் ஒரு வாட்ஸ்ஆப் உரையாடலும், யாரோ ஒருவர் பெயருக்குப் போன ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான்.

அதனால்தான் முதலில் கடிதம், பிறகு காசு என்கிறோம். கடிதம் ஏஜென்சியிடமிருந்து அல்ல, கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். கடன் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, அதைக் கட்டியபின் வேறு எந்தப் பாக்கியும் கோரப்படாது என்ற உறுதி, கடன் தகவல் நிறுவனங்களுக்கு என்னவென்று தெரிவிக்கப்படும் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. கட்டி முடித்ததும் தடையில்லாச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், கொடுத்துவைத்த காசோலைகளைத் திரும்பப் பெறுங்கள். ஜாமீன் போட்டவர் இருந்தால் அவர் பெயரும் கணக்கிலிருந்து விடுபட்டதா என்று பாருங்கள். உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவரின் சிபிலும் இதில் மாட்டியிருக்கிறது. முடிந்தவரை அசலையும் வட்டியையும் தவணை முறையில் முழுதாகக் கட்டி, அபராதத்தை மட்டும் தள்ளுபடி செய்யக் கேட்பதே நல்லது. ஏற்கெனவே ‘செட்டில்டு’ ஆகிவிட்டவர்களும் மீதியைக் கட்டி அதை ‘க்ளோஸ்டு’ ஆக்கித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம்.

இன்னொரு தந்திரம் உண்டு. ‘ஒரு ஐந்நூறாவது போட்டுவிடுங்க, நல்லெண்ணத்துக்கு’ என்பார்கள். கடன் பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரம்புச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகள்தான் தருகிறது. அந்தக் கெடுவுக்குள் எழுத்துச் சான்றோடு சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், கெடு புதிதாகத் தொடங்கிவிடும். கடனைக் கட்ட வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வாங்கிய கடனைத் திருப்பித் தருவதுதான் நியாயம். ஆனால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே ஒருவரைச் சிறைக்கு அனுப்பாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காசோலை திரும்பிய வழக்கும் மோசடி வழக்கும் வேறு. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அலட்சியம் செய்யக் கூடாது.

விதிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. குண்டர்களை வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் கடுமையாகக் கண்டித்தது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் மசோதா நிறைவேற்றியது. ஆனாலும் கடன்காரரின் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் போன் போகிறது. வேலையை ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டு, ‘அது அவர்கள் செய்தது’ என்று வங்கிகள் கைகழுவ விடக் கூடாது. ஏஜென்ட்டின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. அதை அபராதத்தின் மூலம் உணர்த்த வேண்டிய கடமையும் அதற்கே உண்டு. சமரசத் தொகையை வாங்கும் முன், அதன் விளைவு என்ன என்று தமிழில் அச்சிட்ட ஒரு பக்கப் படிவத்தில் கடன்காரரின் கையெழுத்தைப் பெறுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒரு தாள் செலவுதான் ஆகும்.

வாசகர்களுக்கு: ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள். தவறு இருந்து, புகார் செய்த 30 நாட்களில் திருத்தப்படாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.