அடித்துக்கொள்ளும் கம்பெனிகள் சேர்ந்து உட்காரும் அறை

நாலு கம்பெனி அடித்துக்கொண்டால்தான் நமக்கு நல்லது என்ற நம்பிக்கை ஊரெங்கும் ஊறிக் கிடக்கிறது. ரீசார்ஜ் கட்டணத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை விழுந்ததை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் அதே சூட்டோடு, 2ஜி, 4ஜி, 5ஜி என்ற தலைமுறைகளையும் இந்தப் போட்டிதான் பெற்றுப்போடுகிறது, எவன் கெட்டிக்காரனோ அவன் கண்டுபிடித்துக் கொண்டுவருவான், நாம் காசைக் கட்டினால் போதும் என்று முடிவுகட்டுகிறோமே, அது சுத்தப் பிழை. படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். சிக்னல் எங்கே எட்டும், எங்கே எட்டாது என்பது இயற்பியல், அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது என்பார்கள்.

இதை ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் தளத்தில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். திங்கள், புதன், சனி என்று முறை வைத்து டோக்கன் வாங்கி விசைப்படகுகள் கடலுக்குப் போகும் ஊர் அது. கேபினில் வயர்லெஸ் இருக்கும், ஜிபிஎஸ் இருக்கும், பாலிதீன் பைக்குள் சுற்றிய கைபேசியும் இருக்கும். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் டவர் கோடு ஒவ்வொன்றாக அவிந்துவிடும். எல்லைப் பக்கம் போனால் இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய பட்டன் போன்தான் கடலில் தூரம் பிடிக்கும் என்பது படகுக்காரர்கள் பேச்சு. புதுப் போன் வாங்கிக் கொடுத்த மகன் அதைக் கேட்டுச் சிரிப்பான். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

900 மெகாஹெர்ட்ஸில் பேசும் 2ஜி கைபேசி உச்சத்தில் 2 வாட் சக்தியோடு டவரைக் கூப்பிடலாம். சாதாரண 4ஜி கைபேசிக்கு அனுமதி 0.2 வாட். பழையது விட்டுவிட்டுப் பேசும், புதியது தொடர்ந்து பேசும், அலைவரிசைகளும் வேறு. அதையெல்லாம் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.2 என்ற எண்ணை இயற்கை எழுதவில்லை. தீயணைப்பு, காவல் துறைகளுக்கு உள்நாட்டு மூலைமுடுக்கிலும் தொடர்பு வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. பேண்ட் 14 என்ற அலைவரிசையில் 1.25 வாட் கைபேசி சர்வதேசத் தரத்திலேயே ஏறியது. ஸ்பிரின்ட் நிறுவனம் தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வீட்டுக்குள் நுழைய மறுக்கிறது என்று போய் நின்றது, 0.4 வாட் கிடைத்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இந்தப் படகுகள் போகும் பாக் நீரிணைக்காக எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2ஜியின் இன்னொரு எண்ணையும் பாருங்கள். கைபேசி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை டவர் 0 முதல் 63 வரையிலான எண்ணால் கணக்கு வைக்கும். ஓர் எண்ணுக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால், நடுவில் மரமோ வீடோ இல்லாத வெட்டவெளிக் கடலில் சிக்னல் பளிச்சென்று கிடைத்தாலும், வழக்கமான அமைப்பில் அழைப்பு போகாது. டவரின் கொள்ளளவைப் பாதியாக்கிக்கொண்டு இதைத் தாண்டும் பக்கவழி பிறகு வந்தது. 4ஜியில் வரம்பே 100 கிலோமீட்டராக விரிந்தது. ஆனால் அந்த 63, 1982-ல் ஐரோப்பியத் தபால் தந்தி நிர்வாகங்கள் கூட்டிய குழுவில் தொடங்கிய வேலையின் விளைவு. 1995 ஜூலை 31-ல் கொல்கத்தாவில் ஜோதி பாசு இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பைப் பேசியபோது அந்த எண்ணும் சேர்ந்தே இங்கே வந்து இறங்கியது.

இன்று இப்படிப்பட்ட எண்களைத் தீர்மானிக்கும் அறையின் பெயர் 3ஜிபிபி. 1998 டிசம்பரில் தொடங்கிய கூட்டமைப்பு. ஹுவாவேயும் எரிக்சனும் குவால்காமும் சாம்சங்கும் நோக்கியாவும், கடைத்தெருவில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பவர்கள், இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து ஆவணம் ஆவணமாகப் பேரம் பேசுகிறார்கள். கூடுமானவரை ஒருமித்த கருத்து. முடியாவிட்டால் 71 சதவீத ஓட்டு. 2016 நவம்பரில் ரீனோ நகரில் 5ஜியின் பிழைதிருத்தக் குறியீடு எது என்று நள்ளிரவு தாண்டிச் சண்டை நடந்தது. துருக்கிப் பேராசிரியர் எர்தால் அரிகான் கண்டுபிடித்த போலார் குறியீட்டை ஹுவாவே தாங்கிப் பிடித்தது. குவால்காம் எல்டிபிசி என்ற இன்னொரு குறியீட்டின் பக்கம். கடைசியில் தகவலுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுச் செய்திக்கு போலார் என்று பாகம் பிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் லெனோவோ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டது என்று 2018-ல் சீனாவில் கொந்தளிப்பு கிளம்பி, அதன் நிறுவனரே விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. வெறும் இயற்பியலுக்கு இவ்வளவு ரோஷம் வருமா?

சேர்ந்து உட்காருவதைச் சதி என்று நான் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று தமிழ்நாட்டில் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறினவே, எந்த பிராண்டு, எந்த சிம் என்று பாராமல் அவை அலறியது பொதுத் தரத்தால்தான். தனிவழி போனவர்கள் கதையும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி நுட்பம், மதுரை மாவட்டக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோனது. நல்ல பொறியியல். உலகமெல்லாம் கோடிக்கணக்கில் ஜிஎஸ்எம் என்ற 2ஜி தரத்தின் கருவிகள் செய்து விலையைக் கீழே தள்ளியதும் கார்டெக்டால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஆகவேதான் 5ஜிஐ என்ற இந்திய 5ஜி தரத்தின் விவகாரத்தில் “நம் சொந்தத் தரத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்” என்று புலம்புகிற தேசபக்தர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. நடந்தது இதுதான். டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும் கிராமப்புறத்திலும் 5ஜி வேலை செய்ய வேண்டும் என்பதை ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் தேர்வுக்கான நிபந்தனையாகவே 2017-ல் இந்தியா சேர்க்க வைத்தது. அதற்கு முன் இருந்த கிராமப்புறக் கணக்கு 1.7 கிலோமீட்டர், அது எந்த நாட்டுக் கிராமமோ! இந்தியத் தர அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ வழியாக ஹைதராபாத், சென்னை ஐஐடிகளும், சென்னையிலுள்ள செவிட் ஆய்வு மையமும் கைபேசி சிதறாமல் உரக்கப் பேசும் உத்தியைக் கொடுத்தன. 5ஜிஐ தனித் தரமாக அங்கீகாரமும் பெற்றது. இந்தியாவுக்கென்று தனிக் கருவியா, விலை ஏறுமே என்று செல்பேசி நிறுவனங்கள் எதிர்த்தன. 2021 டிசம்பரில் அதன் சாரத்தை 3ஜிபிபியின் 17-ஆம் வெளியீட்டில் கலக்க உடன்பாடு ஆனது. இது தோல்வி அல்ல. தனிக்கடை போட்டிருந்தால் கார்டெக்ட் போன வழிதான்.

அறைக்குள் இருப்பவர்களுக்கு வருமானமும் உண்டு. தரத்தில் ஏறிய காப்புரிமைக்கு ஒவ்வொரு கைபேசியிலும் கட்டணம் வரும். கைபேசி செய்யும் லாவா நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் தரவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது இந்த வகைக் கணக்கில்தான்.

கடலுக்கு அரசு தந்திருக்கும் பதில், இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போன கொடுமைக்குப் பிறகு இதற்கு வேகம் வந்தது. 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகத் தரும் திட்டம். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம்; கரையிலிருந்து வானிலை எச்சரிக்கையும் எல்லை எச்சரிக்கையும் வரும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அது படகில் திருகிய தனிப்பெட்டி. திட்டப் பணம் இருக்கும்வரை வரும், பழுதானால் அலைய வேண்டும். செயற்கைக்கோள் நிறுவனங்களோ 3ஜிபிபி அறைக்கே போய் உட்கார்ந்து, 2022-ல் முடிந்த அதே 17-ஆம் வெளியீட்டில் செயற்கைக்கோள் தொடர்பைக் கைபேசித் தரத்துக்குள்ளேயே ஏற்றிவிட்டன. பாலிதீன் பைக்குள் இருக்கும் அந்தக் கைபேசியே நாளை வானத்தோடு பேசும் என்றால், அதற்கு வழி போட்டவர்கள் அவர்கள்.

6ஜிக்கான ஆய்வை 3ஜிபிபி 2025-ல் தொடங்கிவிட்டது, குறி 2030. 2023-ல் ஐ.நா. ஒன்றியம் வகுத்த 6ஜி சட்டகத்தில் ‘எங்கும் தொடர்பு’ என்பது ஒரு பயன்பாட்டு வகையாக இடம்பெற்றிருக்கிறது. அப்படியே விட்டால் அது கோஷமாகத்தான் கிடக்கும். 6 கிலோமீட்டர் என்று எண் போட்டுக் கேட்டதுபோல இதற்கும் எண் போட்டுக் கேட்க வேண்டும்: கரை டவரிலிருந்து 40 கிலோமீட்டர், அலையில் ஆடும் மரப்படகு, உப்புக்காற்று, இரண்டு நாட்டு டவர்கள் ஒன்றையொன்று மறிக்கும் எல்லை, ஈரக்கையில் சாதாரண விலைக் கைபேசி. டீசல் மானியத்துக்கு கலெக்டர் அலுவலகம் போகத் தெரிந்த மீனவர் சங்கங்கள் டிஎஸ்டிஎஸ்ஐக்கு ஒரு மனுவும், மீன்வளத் துறைக்கு அதன் நகலும் போடலாம். அளவெடுக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை விசைப்படகில் சென்னையிலிருந்து ஒரு மாணவரை அளவுக்கருவியோடு ஏற்றிவிட்டால், எந்தத் தூரத்தில் எந்த அலைவரிசை அறுகிறது என்ற முதல் அட்டவணை படகு திரும்புவதற்குள் தயாராகிவிடும். அவருக்கு ஒரு டோக்கனும் லைஃப் ஜாக்கெட்டும் போதும்.