கோப்பை முதலாளிக்கு, பேப்பர் கப் தோட்டக்காரருக்கு

மலை நகரம் ஒன்றில் இயங்கும் ஆர்க்கிட் வளர்ப்போர் கிளப்பில் பேசுவதற்குச் சென்ற ஆண்டு எனக்கு அழைப்பு வந்தது. ஆர்க்கிட் வேர்களில் வாழும் பூஞ்சைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், அதனால் அழைத்தார்கள். அந்த கிளப் எனக்குப் புதிதல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. பள்ளி நாட்களில் ஆண்டுதோறும் அதன் கண்காட்சிக்குப் போயிருக்கிறேன், ஆனால் பார்வையாளனாக அல்ல. காபி எஸ்டேட் பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்த்த என் அப்பாவோடு ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுகளில் பூந்தொட்டிகள் சாயாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

கிளப் செய்யும் வேலைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு கூடுகிறார்கள். அந்த மாதம் பூத்த செடிகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். தொட்டி மாற்றுவது எப்படி, செதில் பூச்சி வந்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறார்கள். பிரித்த கன்றுகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி, போட்டி, கோப்பை. காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியை வாங்காதீர்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். எல்லாம் நல்ல வேலைகள்தான்.

நான் போன அன்று மேசையில் முப்பது செடிகளாவது இருந்திருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறிய அட்டை. அதில் செடியின் பெயரும் உரிமையாளர் பெயரும் இருந்தன. அந்தத் தொட்டிகளைக் காரிலிருந்து இறக்கி, இலைகளை ஈரத்துணியால் துடைத்து, பூத்தண்டுக்குக் குச்சி கட்டி வைத்தவர்கள் வேறு ஆட்கள். கூட்டம் தொடங்கியதும் அவர்கள் வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்கள். தேநீர் நேரத்தில் உள்ளே இருந்தவர்களுக்குப் பீங்கான் கோப்பை வந்தது. மரத்தடிக்குப் பேப்பர் கப் போனது. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை. தீர்மானம் இல்லாமலேயே நடப்பதற்குப் பெயர்தான் சாதி.

'நீங்க' எப்போது 'நீ' ஆனது?

பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, தன் சிம்பிடியம் மூன்று ஆண்டுகளாகப் பூக்கவில்லை என்றார். தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி போட்ட வராந்தாவில் என்றார். "இரவுக் குளிர் படும்படி வெளியே வையுங்கள். கன்று பிரிக்கும்போது மூன்று குமிழுக்குக் குறையாமல் சேர்த்து வையுங்கள், ஒற்றையாகப் பிரித்தால் பூக்கப் பல காலம் ஆகும்" என்றேன். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஆர்வமாகக் கேட்டார்.

"புத்தகத்தில் பார்த்ததில்லை சார், எங்கப்பா சொல்லித் தந்தது" என்று சொல்லி, அப்பா வேலை பார்த்த பங்களாவின் பெயரையும் சொன்னேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் முகம் மலர்ந்து, "அட, நம்ம மாலி மகனா நீ!" என்றார். அவர் குரலில் வெறுப்பு கொஞ்சமும் இல்லை, உண்மையான மகிழ்ச்சிதான் இருந்தது. ஆனால் வாசலில் வரவேற்றபோது எனக்குக் கிடைத்த 'நீங்க' அந்த நொடியில் 'நீ' ஆகிவிட்டது. கூட்டம் முடியும்வரை அது திரும்பி வரவில்லை. என் படிப்பு சம்பாதித்துத் தந்த மரியாதையை என் அப்பாவின் வேலை ஒரே சொல்லில் பறித்துக்கொண்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் என் அப்பாவை அந்த மலையில் 'மாலி' என்றே கூப்பிட்டார்கள். அவருக்குப் பெயர் உண்டு என்பது சம்பளப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். வடக்கில் மாலி என்பது ஒரு சாதியின் பெயர். இந்த நாட்டில் சூத்திரர்களுக்கும் தீண்டப்படாதோருக்கும் பெண்களுக்கும் கல்விக் கதவைத் திறக்கப் போராடிய ஜோதிராவ் புலே அந்தச் சாதியில் பிறந்தவர். பேஷ்வாக்களுக்குப் பூ கட்டிக் கொடுத்த குடும்பம் என்பதால்தான் அவர்களுக்குப் புலே என்ற பெயரே வந்தது. நம் மலை பங்களாக்களில் அதே மாலி, ஒரு மனிதனின் பெயரை அழிக்கப் பயன்படும் சொல்லாக இருக்கிறது.

அட்டையில் இல்லாத அறிவு

ஆர்க்கிட் வளர்ப்பது தண்ணீர் ஊற்றுகிற வேலை மட்டுமல்ல. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை மரத்தின் மேல் தொற்றி வாழ்பவை. ஊரில் சிலர் புல்லுருவி என்று தவறாகச் சொல்வார்கள். மரத்தின் உணவை இவை உறிஞ்சுவதில்லை, இடம் மட்டுமே கேட்கின்றன. காற்றில் தொங்கும் வேரின் மேலுறை மழைநீரையும் பனியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் இதை வெலமன் திசு என்று படித்திருப்போம். அந்தச் சொல்லைக் கேட்டறியாத அப்பா, வாண்டா செடியைக் காட்டி எனக்குச் சொன்னது: "வேரைப் பாரு. வெள்ளையா இருந்தா தாகம். பச்சையா இருந்தா போதும்னு அர்த்தம்." காய்ந்த வெலமனில் காற்று நிரம்பி வெளுப்பாகத் தெரியும், நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சையம் தெரியும் என்பதைப் பிற்பாடு பல்கலைக்கழகத்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்பா சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை எந்த அளவில் கலக்க வேண்டும், பழைய கலவை மக்கிவிட்டது என்பதை வாசனையில் எப்படி அறிவது, நத்தைகளை இரவில் டார்ச் அடித்து எப்போது பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே பருவத்தில் வந்துவிடாத அறிவு. பங்களா முதலாளி வருடத்தில் பாதி நாள் சென்னையில் இருப்பார். கண்காட்சிக்கு முந்தைய நாள் வருவார், மறுநாள் கோப்பை வாங்குவார், பத்திரிகையில் படம் வரும். அப்பா அரங்கின் பின்சுவர் ஓரம் நின்று கை தட்டுவார். நானும் தட்டியிருக்கிறேன்.

ஒரே வேலையை முதலாளி ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுச் செய்தால் அது கலை, ரசனை, பொழுதுபோக்கு. அதையே தோட்டக்காரர் ஆண்டு முழுவதும் வெறுங்கையால் செய்தால் அது கூலி வேலை. சாதி தொழிலை மட்டும் பிரிக்கவில்லை, தொழில் செய்கிற மனிதர்களை மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கினார். மண்ணைத் தொடும் கைக்கு அறிவு இருக்க முடியாது என்ற பார்ப்பனிய நம்பிக்கையின் மேல்தான் அந்த அடுக்கு நிற்கிறது. ஆர்க்கிட் அட்டையில் ஒரு வரி குறைவதும் அதே நம்பிக்கையால்தான்.

எட்மண்டின் கட்டைவிரல்

ஆர்க்கிட் வரலாற்றில் இந்தத் திருட்டுக்கு முன்மாதிரி உண்டு. ஐஸ்கிரீமில் நாம் சாப்பிடும் வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடியின் காய். மெக்சிகோவிலிருந்து வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்க மட்டும் இல்லை. அங்கே மகரந்தம் சேர்த்த பூச்சிகள் இங்கே இல்லை. ஐரோப்பியத் தாவரவியலாளர்களால் தோட்டத்தில் பயன்படும்படியான எளிய வழி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1841-இல் பிரெஞ்சுக் குடியேற்றமான ரியூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். மெல்லிய குச்சியால் பூவின் உள்ளே இருக்கும் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்துவிட்டான். உலகம் முழுதும் வெனிலா சாகுபடி அவன் விரல் அசைவின் மேல்தான் வளர்ந்தது. இன்றும் இடுக்கியிலும் பொள்ளாச்சியிலும் வெனிலா பயிரிடுபவர்கள் காலையில் பூப்பூவாகச் செய்வது இதைத்தான்.

பிறகு என்ன ஆயிற்று? ரிச்சர்ட் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், அந்த முறையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று உரிமை கோரினார். ஒரு கறுப்பின அடிமைச் சிறுவனுக்கு இந்த அறிவு இருக்கும் என்று பலரால் நம்ப முடியவில்லை. எட்மண்டின் எஜமானர் பெல்லியே போமோன், கண்டுபிடித்தவன் அந்தச் சிறுவன்தான் என்று எழுதிச் சாட்சி சொன்னார். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபோதுதான் அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. 1880-இல் எட்மண்ட் அல்பியஸ் வறுமையில் இறந்தார். தீவுக்குச் செல்வம் வந்தது, அவருக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுதி வைக்கப்பட்டதால் தெரிகிறது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' மலபாரின் தாவரங்களைப் பதிவு செய்த நூல். அதன் கடைசித் தொகுதியில் வரும் ஆர்க்கிட்களின் பெயர்கள் 'மரவாழை' என்ற மக்கள் சொல்லிலேயே பதிவாகியிருக்கின்றன. அந்த நூலுக்குத் தாவர அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவருடைய வாக்குமூலம் அவர் பெயரிலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. நூல் டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயரில்தான் வழங்குகிறது. ஆனாலும் ஓர் ஈழவரின் அறிவு அவருடையது என்று 17-ஆம் நூற்றாண்டில் அச்சில் ஒப்புக்கொள்ள முடிந்திருக்கிறது. 21-ஆம் நூற்றாண்டின் கிளப்புக்கு அது முடியவில்லை.

அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

அன்று கூட்ட முடிவில் நான் வைத்த கோரிக்கை சிறியது. கண்காட்சி அட்டையில் உரிமையாளர் பெயருக்குக் கீழே 'வளர்த்தவர்' என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும். செடி பரிசு பெற்றால் இருவரையும் மேடைக்கு அழைக்க வேண்டும்.

மூன்று பதில்கள் வந்தன. முதலாவது, "கண்காட்சி விதிகளில் அப்படி இடமில்லை." இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கங்களிலிருந்து. விக்டோரியா காலத்து லண்டன் கண்காட்சிச் செய்திகளைப் புரட்டினால், பிரபுவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய தோட்டக்காரர் பெயர் இருக்கும். தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவராகவே இருந்த சர் ட்ரெவர் லாரன்ஸின் ஆர்க்கிட்கள் பரிசு பெற்ற செய்திகளில், அவற்றை வளர்த்த ஒயிட் என்பவரின் பெயரும் அச்சாகியிருக்கிறது. அது சமத்துவச் சமூகம் அல்ல, வர்க்கத் திமிர் நிறைந்த சமூகம். அவர்களே அடைப்புக்குறிக்குள் இடம் கொடுத்தார்கள். கோப்பையையும் நடுவரையும் புள்ளி போடும் முறையையும் இறக்குமதி செய்த நாம் அந்த அடைப்புக்குறியை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டோம். அமெரிக்க ஆர்க்கிட் சங்கத்தில் இன்றும் செடியின் அழகுக்கு வேறு விருது, வளர்ப்புத் திறனுக்கு வேறு விருது. திறனுக்கான விருது செடிக்கல்ல, மனிதருக்கு.

இரண்டாவது பதில், "சம்பளம் கொடுக்கிறோமே." சம்பளம் உழைப்புக்கான விலை. பெயரை விலைக்கு வாங்க முடியாது. எழுத்தாளருக்குப் பணம் கொடுத்த பதிப்பாளர் அட்டையில் தன் பெயரை ஆசிரியராகப் போட்டுக்கொள்வதில்லை. செடியைத் தேர்ந்தெடுத்ததும் செலவழித்ததும் உரிமையாளர்தான். அதனால்தான் அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, இன்னொரு பெயரைச் சேர்க்கத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, வழக்கமான பதில்: "இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை, நீ ஏன் கொண்டு வருகிறாய்?" நான் கொண்டு வரவில்லை. நான் வரும் முன்பே அது பேப்பர் கப்பில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் எந்தச் சாதிகள், மரத்தடியில் எந்தச் சாதிகள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். தலைமுறை தலைமுறையாக நிலம் யாரிடம் இருந்தது, அதில் யார் குனிந்து நின்றார்கள் என்ற கணக்குதான் அங்கேயும் வரும்.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுதாக இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டேன். என் முதல் ஆய்வுக் கட்டுரையில், எந்த மரத்தில் எந்த ஆர்க்கிட் எந்த மாதம் பூக்கும் என்று காட்டுக்குள் அழைத்துப் போய்க் காட்டிய பழங்குடி அண்ணனை 'உள்ளூர் உதவியாளர்' என்றே எழுதினேன். நெறியாளர் பெயர், நிதி தந்த அமைப்பின் பெயர், சோதனைக்கூடத்தின் பெயர் எல்லாம் நன்றியுரையில் இருந்தன. அவர் பெயர் இல்லை. மாலி என்று அப்பாவைக் கூப்பிட்டவர்கள் செய்ததைத்தான் நானும் ஆங்கிலத்தில் செய்திருக்கிறேன். இப்போது முடிக்கும் ஆய்வேட்டில் அவர் பெயர், அவர் சொன்ன தகவல்களுக்கு நேராகவே இருக்கிறது. படித்து மேலே வந்த நாம் ஏறிய இடத்தின் பழக்கங்களையும் சேர்த்து உடுத்திக்கொள்கிறோம். அதைக் கழற்றுவதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

கோரிக்கையை நிர்வாகக் குழுவில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஓராண்டு ஆகப்போகிறது, பதில் இல்லை. வருகிற கண்காட்சிக்கு அட்டைகள் அச்சாகும் நேரம் இது. ஒரு வரி கூடுதலாக அச்சிடப் பெரிய செலவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் தோழர்கள் தங்கள் ஊர் மலர்க் கண்காட்சிக்குப் போனால் பூவைப் பார்த்துவிட்டு, இதை வளர்த்தவர் பெயர் என்ன என்று அங்கேயே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த ஆண்டு அட்டை மாறும்.

அப்பா இப்போது ஓய்வில் இருக்கிறார். எங்கள் வீட்டுக் கூரை ஓரத்தில் ஒரு வாண்டா தொங்குகிறது. வருகிற கண்காட்சிக்கு அதைக் கொண்டு போகப்போகிறோம். அட்டையில் உரிமையாளர் என்ற இடத்திலும் வளர்த்தவர் என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதுவோம். இரண்டாவது வரி அச்சாகாவிட்டால் பேனாவால் எழுதுவோம்.