கருவியும் கல்வியும்

இலத்திரனியல் பொறியியலாளர்க்கே உரியது. விஞ்ஞான மாணவர்க்குக் கருவி காட்டும் அளவை வாசிக்கத் தெரிந்தாற் போதும் என்பர் சிலர். இக்கூற்று எத்துணைப் பொருந்தாதது என்பதை மன்னார்த் தீவின் தென்கரை காட்டும்.

2020ஆம் ஆண்டு தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள் நிற்கின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. காற்றோ ஒருகணம் போல் மறுகணம் வீசுவதில்லை. அதன் போக்கில் மாறும் மின்னோட்டத்தை நேரோட்டமாக்கி, மீண்டும் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாக மாற்றித் தருவன குறைகடத்தி ஆளிகளே. இதனை அறியாதார் காண்பது சுழலும் இறக்கையை மட்டுமே.

மேலும் சுழலிகள் வேண்டாமென 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். இத்தகைய வழக்குகளில் அளவீடுகளே சான்றாக முன்வைக்கப்படும். இரைச்சலை எடுத்துக்கொள்வோம். ஒலிமட்டமானியின் ஒலிவாங்கி தரும் மின்குறிப்பு, விரியலாக்கியையும் வடிகட்டியையும் கடந்தே எண்ணாகிறது. பெருவழக்கிலுள்ள 'ஏ' வடிகட்டி 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 30 தெசிபெல் குறைத்தே காட்டும். செவியின் இயல்பையொட்டிய ஏற்பாடு அது, பொய்யன்று. ஆயினும், தாழ்சுருதி முழக்கமே குறையாக எழும்போது அவ்வெண் முழு விடையாகாது. வடிகட்டியை அறியாத பட்டதாரி எண்ணை அப்படியே ஒப்புவிப்பார். அறிந்தவரோ, எவ்வடிகட்டி கொண்டு அளந்தீர் என வினவுவார்.

ஆதலின், ஆய்வுகூடத்திற் கருவியின் மூடி திறக்கப்படல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் விரியலாக்கி ஒன்றையேனும் தம் கையாற் பொருத்தி, அதன் வெளியீட்டை அலைவுகாட்டியிற் கண்டறிதல் வேண்டும். கருவியை வினவத் தெரியாத விஞ்ஞானப் பட்டம், கருவி செய்தவனுக்கு எழுதிக்கொடுத்த அடிமைச் சாசனமேயாகும்.