மூன்று முறை தோற்றவர் பெற்ற கோப்பை

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் ஒன்றே நினைவுக்கு வருகிறது. அதனால்தானோ என்னவோ, தமிழகத்து அணியொன்று தேசியக் கால்பந்து லீக்கை வென்ற செய்தி நம் கல்லூரியில்கூடப் பலருக்குத் தெரியவில்லை. 2018-19ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐ-லீக் கோப்பையைப் பெற்றது சென்னை சிட்டி அணி. பெயரில்தான் சென்னை, அப்பருவத்தில் அதன் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். அந்தப் பருவத்தின் கணக்கை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முந்திய பருவத்தில் பத்து அணிகளுள் எட்டாம் இடம் பெற்ற அணி அது. அதன் நட்சத்திர ஆட்டக்காரரான குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த சிலரையும், எட்வின், ரொமாரியோ, அஜித்குமார் முதலிய நம் இளைஞர்களையும் ஒன்றாக இணைத்து ஆடவைத்தார். கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாப் அணியோடு ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணி கோல் போட்டுவிட்டது. அதே மாலையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை 2-1 என வென்றது. சென்னை சிட்டி சமன் செய்திருந்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆனால் 3-1 என வென்றது. புள்ளிகள் 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி!

‘எல்லாம் வெளிநாட்டான் போட்ட கோல்தானே’ என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டது உண்மை. ஆனால் கோப்பையைத் தீர்மானித்த அந்த நாளில் மான்சி போட்டது ஒரு பெனால்டி கோல். மற்ற இரண்டையும் போட்டவர் அஸ்ஸாம் இளைஞர் கௌரவ் போரா. அவரோ தற்காப்பு ஆட்டக்காரர்!

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அந்த அணி ஆடிய 20 ஆட்டங்களில் வெற்றி 13, சமன் 4, தோல்வி 3. மூன்று முறை தோற்ற அணிதான் வாகை சூடியது. அதுவே தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் போட்டியாக இருந்திருந்தால், முதல் தோல்வியன்றே மூட்டை கட்டியிருக்கும். தோல்வியிலிருந்து கற்க அவகாசம் கொடுப்பதே லீக்கின் பெருமை.

நான் கொல்லிமலையில் குண்டூர் நாட்டைச் சேர்ந்தவன். எங்கள் மலையில் சமதரை என்பது அரிது. இருக்கும் சமதரையில் வயலோ வீடோ இருக்கும். சாமை அறுத்த காட்டில்தான் நாங்கள் பந்து ஆடினோம். தப்பிய பந்து பள்ளத்தில் உருண்டால், தேடி எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். அப்படி ஆடும் பிள்ளைகளுக்கு மூச்சும் காலும் வலுவாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பதென்ன? எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து, காலையில் ஓர் ஆட்டம் ஆடித் தோற்று, மாலையில் அதே எழுபது வளைவுகளும் ஏறிப் போகிறார்கள். அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான். மலைப்பிள்ளைகளுக்கு ஆடத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே ஆட்டத்தில் யார்தான் கற்றுக்கொள்ள முடியும்?

இந்தக் கதைக்கு ஒரு சோகமான பிற்பகுதியும் உண்டு. அதே 2019இல் சூப்பர் கோப்பையில், ஐ.எஸ்.எல். வாகையரான பெங்களூரு அணியையே சென்னை சிட்டி 2-1 என வென்றது. ஆயினும் ஐ-லீக் வாகையர் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைய அன்று வழியில்லை. 2020 ஜனவரியில் ஆசியப் போட்டியில் தன் ‘சொந்த’ ஆட்டத்தை அது அகமதாபாத்தில் ஆட நேர்ந்தது. 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கிலும் அந்த அணி இல்லை. ஏறும் வழி திறந்தது 2022-23 பருவத்தில்தான். அவ்வழியில் முதலில் ஏறியது யார் தெரியுமா? அன்று கோவையில் தோற்ற அதே பஞ்சாப் அணி, கைமாறி, பெயர் மாறி! வென்றவர் மறைந்தார், தோற்றவர் உயர்ந்தார். திறமை இருந்தால் மட்டும் போதாது, ஏறப் படிக்கட்டும் நிற்கத் தரையும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தேசிய லீக்கின் படிக்கட்டை நாம் கட்ட முடியாது. ஆனால் அடிப்படியை நம்மால் கட்ட முடியும். நம் கல்லூரி மைதானம் சனி, ஞாயிறுகளில் வெறுமையாகக் கிடக்கிறது. மலைப்பள்ளிகள் மூன்று, சமவெளிப் பள்ளிகள் மூன்று என ஆறு அணிகளை அழைத்து நாம் ஒரு சிறு லீக் நடத்தலாம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள். நாளொன்றுக்கு மூன்று ஆட்டம் வைத்தால் ஐந்தே நாட்கள். நடுவராக நிற்க நம் அணி மாணவர்கள் இருக்கிறார்கள். மலையிலிருந்து வருவோர் சனிக்கிழமை இரவு தங்க விடுதியில் ஒரு கூடம் தந்தால், வளைவுகளின் அலைச்சலும் பேருந்துச் செலவும் குறையும்.

பேராசிரியப் பெருமக்களும் மாணவர் மன்றமும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கோப்பை எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு முறை தோற்ற பிள்ளைக்கு அடுத்த வாரமும் ஆட்டம் உண்டு என்ற உறுதி ஒன்றே போதும்.