உழைப்பவனுக்கு உரித்தில்லாத மண் உயிர் பெறுமா?

2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் செய்து முடிப்பதாக வாக்களித்ததை, 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் செய்துவிட முனைந்தார் அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ. இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணைக் காக்கும் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் மண் ஆணைக்கு அடங்குமா? அவ்வாண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகச் சரிந்தது.

அந்தச் சரிவைச் சுமந்தவர் யார்? கொழுந்து குறைந்த மலையிலும் கிலோக் கணக்குக் குறையவில்லை. கணக்கு எட்டாத பெண்ணுக்கு அரைப்பேரே கிடைத்தது. நானுஓயாச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிட்டவன் கடனாளியானான். ஆணையிட்டவர்களோ ஒரு வேளைச் சோறும் இழக்கவில்லை!

மண் வளம் காப்பது பல்லாண்டுப் பணி. கான் வெட்ட வேண்டும்; கவ்வாத்துக் குப்பையை மண்ணுக்கே திருப்ப வேண்டும்; நிழல் மரம் வளர்க்க வேண்டும்; சாணத்தை எருவாக்க வேண்டும். இவற்றின் பலன் நாளைக்குத்தான் வரும். நாளை தனக்குச் சொந்தமில்லாதவன் எந்த நம்பிக்கையில் இவற்றைச் செய்வான்?

சட்டத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1885இல் நானுஓயாவுக்கு இரயில் வந்தது; மலையின் செல்வம் கொழும்புக்கு இறங்கியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அச்செல்வத்தைப் படைத்தவனை நாடற்றவனாக்கியது. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. தொழிலாளியின் கைக்கு வரவில்லை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. அரசு உடைமையாளன், கம்பனி குத்தகைக்காரன், நம்மவனோ லயத்துக் குடியிருப்பாளன்! 2015க்குப் பின் வீட்டுக்கென 7 பேர்ச்சஸ் சிலருக்குக் கிடைத்தது. அதில் அடுப்பெரியும்; விவசாயம் நடக்குமா?

தொழிலாளிக்குத் தோட்டம் நடத்தத் தெரியாது என்பர் சிலர். இத்தீவின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை இன்று விளைவிப்போர் சிறுதோட்ட உடைமையாளரே. காலியிலும் மாத்தறையிலும் சிறு விவசாயியால் இயன்றது, ஐந்து தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்தவனுக்கு மட்டும் இயலாதா?

நாம் கேட்பது சலுகையன்று. காடாகிக் குளவிக்கூடாய்க் கிடக்கும் தோட்ட நிலங்களை உறுதிப்பத்திரத்துடன் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்குக! படிப்படியாக இயற்கை உரத்துக்கு மாறக் கடனும் பயிற்சியும் தருக! நிலத்தின் உரிமையை மறுத்துக்கொண்டு நிலத்தின் நலம் பேசுவது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீரூற்றுவதேயாகும்.