என் நேரம் என்ன, சார்?

பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். 1997, விழுப்புரம், 400 மீட்டர் ஓட்டம், மூன்றாம் இடம். என் பெயர், பள்ளியின் பெயர், வகுப்பு எல்லாவற்றையும் நீல மையில் நிரப்பியிருக்கிறார்கள். ‘நேரம் / தூரம்’ என்று அச்சடித்த இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு.

மில்கா சிங்கின் நேரம் எனக்குத் தெரியும். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் கையால் அமுக்கிய கடிகாரத்தில் 45.6 விநாடி. வெண்கலம் வாங்கிய தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5. பி.டி. உஷாவின் நேரம் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42. ருமேனியாவின் கிறிஸ்டினா கோஜோகாரு 55.41. 2016 ரியோவில் தீபா கர்மாகர் வெண்கலத்தை விட்டது 0.15 புள்ளியில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோற்றவர்கள் எல்லோருக்கும் ஓர் எண் இருக்கிறது. எனக்குக் கோடு.

எங்கள் கிராமம் திண்டிவனத்துக்குப் பக்கம். அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஹாக்கி என்றால் உயிர். 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய அணிக்கு நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் கேப்டன். பேப்பரில் வந்த அவர் படத்தை அப்பா தகரப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். “பாதி நாட்டுக்காரன் அந்த ஒலிம்பிக்ஸுக்கு வரவே இல்லை, அதனாலதான் கெடைச்சுது” என்று யாராவது சொன்னால் சட்டென்று எழுந்துவிடுவார். “வந்தவங்கள ஜெயிச்சாங்களா இல்லியா?” அதற்கப்புறம் 41 வருஷம் ஹாக்கியில் ஒரு ஒலிம்பிக் பதக்கமும் இல்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கிய அன்று அப்பா உயிரோடு இல்லை. அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து டிவிக்கு எதிரே மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஆட்டம் பார்த்தேன்.

அந்தப் பைத்தியம்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டது. என்னை ஓட வைத்தவர் எங்கள் பி.டி. டீச்சர். பள்ளி மைதானம் கோணல்மாணலானது, 200 மீட்டருக்கு மேல் கோடு போட இடமில்லை. 400 ஓட வேண்டுமென்றால் இரண்டு சுற்று. விடிவதற்கு முன் ஏரிக்கரையில் ஓட்டம், வீட்டுக்கு வந்தால் பழைய சோறு. டீச்சர் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு எடுத்துவரும் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பிடி. அப்போது சத்துணவில் முட்டை இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த ஒரு முட்டைக்காக நாள் எண்ணுவோம்.

உஷாவின் ஓட்டத்தை டீச்சர் கதையாகச் சொல்வார். முதல் தடவை துப்பாக்கி வெடித்தபோது உஷா அருமையாகக் கிளம்பினாராம். வேறு ஒருத்தி முந்திக்கொண்டதால் எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை அந்த வேகம் வரவில்லை. “ஒரு செகண்டை நூறு துண்டா வெட்டு. அதுல ஒரு துண்டு” என்பார். நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உஷா ஓடிய வேகத்துக்கு, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு என்றால் ஏழு சென்டிமீட்டர். என் நடுவிரலை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஏழு சென்டிமீட்டர். அன்றிலிருந்து ஓட்டத்தை முடிக்கும்போது நெஞ்சைத் தள்ளப் பழகினேன். ஒரு விரல் நீளத்தில் யாரிடமும் தோற்கக் கூடாது என்று பழகினேன்.

1997-இல் அந்தப் போட்டி. விழுப்புரம் தனி மாவட்டமாகி நான்கே வருஷம். காலையில் முதல் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டிப் போய் இறங்கினோம். மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு. ஃபைனலில் முதலாவதாக வந்த பெண் எங்களுக்கு எட்டாத தூரத்தில் போய்விட்டாள். இரண்டாவது இடத்துக்கு நானும் பக்கத்து லேன் பெண்ணும். கடைசி முப்பது மீட்டரில் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை, ஏனென்றால் அவள் எனக்குப் பின்னால் இருந்தாள். நெஞ்சைத் தள்ளினேன். கோட்டைத் தாண்டி விழுந்து, முழங்கால் சிராய்த்து, திரும்பிப் பார்த்தபோது அவள் அப்போதுதான் கோட்டில் கால் வைத்தாள். அதை நான் பார்த்தேன். எங்கள் டீச்சர் பார்த்தார். வேலியோரம் நின்ற ஐஸ்காரர் கூடப் பார்த்தார்.

மேஜையில் மூன்று பேர் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். அந்தப் பெண் பெரிய பள்ளிக்கூடத்துப் பெண். அவள் பள்ளிக்காரர் ஒருவர் மேஜைக்கே போய்க் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு மைக்கில் இரண்டாம் இடம் என்று அவள் எண்ணைப் படித்தார்கள். மாநிலப் போட்டிக்கு இரண்டு பேர்தான் போக முடியும். டீச்சர் மேஜைக்கு ஓடினார். “போட்டோவா எடுத்து வச்சிருக்கோம்? எங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது” என்றார் ஒருவர். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டுமாம். டீச்சரின் கைப்பையில் எங்கள் எல்லோரின் பஸ் காசுதான் இருந்தது.

நான் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவரிடம் போனேன். “சார், என் டைம் மட்டும் சொல்லுங்க சார்.” அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “மூணாவதுக்கெல்லாம் டைம் எடுக்கறதில்லம்மா.” பக்கத்தில் இருந்தவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “உன் நேரம் சரியில்ல. வுடும்மா.”

என் நேரம் சரியில்லையாம். எடுக்காத நேரம் எப்படிச் சரியில்லாமல் போகும்?

அடுத்த வருஷம் பத்தாவது. அதற்கடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. பிறகு கல்யாணம். நான் உஷா ஆகியிருப்பேன் என்று சொல்லவில்லை. மாநிலப் போட்டியில் முதல் ஹீட்ஸிலேயே கடைசியாக வந்திருக்கலாம். ஆனால் அங்கே போய்த் தோற்றிருப்பேன். எத்தனை விநாடியில் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

பல வருஷம் கழித்து உஷா ஒரு பேட்டியில் சொன்னது செய்தியாக வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் கிராமத்து அமெரிக்கச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடினார். கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லை. அதைப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. திண்டிவனத்தில் நான் எதைத் தின்றுவிட்டு ஓடினேனோ, அதையே தின்றுவிட்டு உலகத்தின் முன்னால் இந்தியாவுக்காக ஓடியிருக்கிறார் ஒரு பெண். விமானம் ஏற்றி, கோட்டு மாட்டிவிட்டு அனுப்பியவர்களுக்கு அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு நாற்பது வருஷமாக நாம் வைத்திருக்கும் பெயர் ‘மயிரிழையில் நழுவிய பதக்கம்’. நழுவியதாமே! கஞ்சிப் பாத்திரத்தில் ஏற்கெனவே போய்விட்டது ஐயா அந்த ஏழு சென்டிமீட்டர்.

2024 பாரிஸில் ஆறு பதக்கம், நான்காவது இடமும் ஆறு. அந்த ஆகஸ்டில் பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் எங்கே போனாலும் “ஜஸ்ட் மிஸ்ஸு”. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மேஜை ஞாபகம் வரும்.

டோக்கியோவில் சென்னைப் பெண் பவானி தேவி வாள்வீச்சில் இறங்கினார். ஒலிம்பிக்ஸில் வாள் பிடித்த முதல் இந்தியர். சிறு வயதில் உபகரணம் வாங்க வழியில்லாமல் மூங்கில் குச்சியில் பழகியவர். முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். அடுத்ததில் பிரான்சின் மனோன் ப்ரூனேயிடம் 7-15. அன்றைக்கே நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எதற்கம்மா நீ மன்னிப்புக் கேட்டாய்? உன்னிடம் அல்லவா நாங்கள் கேட்டிருக்க வேண்டும்? அதே டோக்கியோவில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் ஓடிய நான்கு பேரில் மூன்று பேர் தமிழ்நாடு: ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். அவர்கள் ஹீட்ஸில் கடைசியாக வந்ததும் எங்கள் தெருவில் ஒருவர் சிரித்தார். அப்பா அம்மா இல்லாமல் பாட்டி கையில் வளர்ந்து, ஷூ இல்லாமல் ஓடிப் பழகிய பெண் ரேவதி. வெறுங்காலில் சரளை குத்தினால் எப்படியிருக்கும் என்று சிரித்தவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றோடு அந்த மனிதரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

புதுக்கோட்டை சாந்தியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினப் பரிசோதனை என்று ஒன்றை வைத்துப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டாள், மருந்து தின்றாள் என்று எந்தக் குற்றமும் இல்லை. பிறந்த உடம்போடு ஓடினாள், அவ்வளவுதான். பிறகு செங்கல் சூளையில் வேலை பார்த்தாள். மூன்று வருஷம் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவுக்கும் இதே சோதனை வந்தது. அந்த நாடு எங்கள் பெண் மேல் கை வைக்காதே என்று ஒரே குரலில் எழுந்து நின்றது. அவர் அடுத்த இரண்டு ஒலிம்பிக்ஸிலும் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். நம் பெண்ணுக்காக அன்று யார் எழுந்தார்கள்? நானும் எழவில்லை. செய்தியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தக் குற்றம் என்னையும் சேர்ந்தது.

பிறகு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத். பாரிஸ், 2024 ஆகஸ்ட் 6. வெளிநாட்டுக்காரர் எவரிடமும் தோற்காமல் 82 ஆட்டம் வென்று வந்த ஜப்பானின் யூயி சுசாகியைக் கடைசி சில விநாடியில் கவிழ்த்தார். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலை 50 கிலோவுக்கு 100 கிராம் அதிகம் என்றார்கள். இரவெல்லாம் சாப்பிடாமல், குடிக்காமல், ஓடி, வியர்த்து, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். 100 கிராம் எவ்வளவு என்று திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும் கையைக் குவித்துக் காட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டில் காகிதத்தில் சுற்றித் தரும் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம். அரையிறுதி வரை நியாயமாக வென்றதற்கு வெள்ளியாவது கொடுங்கள் என்று விளையாட்டு நடுவர் மன்றத்தில் கேட்டார். ஆகஸ்ட் 14-இல் அதையும் தள்ளிவிட்டார்கள்.

விதி என்றால் விதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் வழக்கமான 53 கிலோவை விட்டு 50-க்கு இறங்கியது ஆசைப்பட்டா? அதற்கு முந்தைய வருஷம் அவர் எங்கே இருந்தார்? மல்யுத்த சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் புகார் சொல்லி டெல்லி ஜந்தர் மந்தரில், தெருவில் படுத்திருந்தார். அந்தத் தலைவர் மறுத்தார், வழக்கு நடந்தது. ஆனால் 2023 மே 28 அன்று போலீஸ் வினேஷைத் தார் ரோட்டில் இழுத்துப் போனதை நாடே பார்த்தது. பதக்கங்களைக் கங்கையில் விடுவோம் என்று அந்த மல்யுத்த வீரர்கள் ஹரித்துவார் வரை போனார்கள். பயிற்சி செய்ய வேண்டிய நாட்களை நியாயம் கேட்பதில் தொலைக்க வைத்துவிட்டு, தராசை மட்டும் பார்ப்பீர்களா?

அந்தப் போராட்டத்தின்போது, தெருவில் இறங்குவது ஒழுங்கீனம், நாட்டின் பெயர் கெடுகிறது என்று இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் சொன்னார். சொன்னவர் பி.டி. உஷா. சில நாள் கழித்து அவர்களை நேரில் போய்ப் பார்த்தார் என்பது உண்மை. ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது, இன்னும் பிடுங்க முடியவில்லை. நீங்களா, அக்கா? கஞ்சி குடித்து ஓடிய நீங்களா? உங்களுக்காக என் விரலை ஸ்கேலில் அளந்தவள் நான்.

இன்றைக்கு நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எட்டாவது படிக்கும் ஒரு பெண் அங்கே ஓடுகிறாள். கெண்டைக்கால் பார்த்தாலே தெரியும், ஓடப் பிறந்தவள். ஒரு நாள் மதியம் தட்டை நீட்டியபடியே நின்றாள். “இன்னொரு முட்டை கெடைக்குமா மிஸ்?” ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு. அட்டையைக் காட்டி இல்லை என்று சொன்னது இந்த வாய்தான். அன்று ராத்திரி ஒரு பிடி மல்லாட்டையை ஊறப்போட்டேன். மறுநாளிலிருந்து டப்பாவில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் ஓடும்போது என் போனில் நேரம் எடுக்கிறேன். முதலாவதாக வந்தாலும், கடைசியாக வந்தாலும், விழுந்து எழுந்து வந்தாலும், அவள் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். அடுத்த மாதம் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆட்சேபப் பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த மேஜையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த சாருக்கு இப்போது எழுபது வயதிருக்கும். இரண்டாவது இடத்தைத் திருப்பிக் கேட்டு நான் வரவில்லை, சார். அந்தப் பெண்ணும் பாவம், அவளும் சிறுபெண். ஆனால் நான் கோட்டைத் தொட்டபோது உங்கள் கட்டைவிரல் அந்த வாட்சின் மேல்தான் இருந்தது, நான் பார்த்தேன். அதில் என்ன நேரம் காட்டியது? சுமாராகவாவது சொல்லுங்கள், சார். அறுபத்து மூன்றா, நாலா?